விடியலில் மட்டும் கத்தும் சங்கிலி

அத்தியாயம் 6

"குனிஞ்சு வாங்கம்மா. சாவி என் பொண்டாட்டிகிட்ட இருக்கு. அவ சந்தைக்குப் போயிட்டா," என்றார் சேர்மன் அசாரே, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

கேட்டின் இரண்டு கதவுகளையும் ஒரு சங்கிலி கோத்துப் பிடித்திருந்தது. நடுவில் கிடைத்த சந்தில் செர்வா வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துப்பறிய வருவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டக் கணக்கு சொன்னவள் அவள். நசுங்கிய கதவுகளுக்குள் புகுந்து புகுந்து பழகிய உடம்பு. அவளுடைய உதவியாளன் அட்டாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தலை போனது, தோள் போனது, வயிறு மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

"அக்கா, நீங்க கேஸை முடிச்சிட்டு வாங்க. நான் இப்படியே நிக்கறேன். கேட்டுக்கு ஒரு காவலும் ஆச்சு."

"மூச்சை வெளிய விடுடா."

விட்டான். உள்ளே வந்து விழுந்தபோது வெள்ளைச் சட்டையில், வயிற்றுக்குக் குறுக்கே, கறுப்பாக ஒரு பட்டை.

"போச்சு! எங்க அண்ணன் சட்டை! கேக்காம எடுத்துட்டு வந்தது!"

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. அவனே போட்டு அழுக்காக்கினான்னு சொல்லிடு," என்றாள் செர்வா. அட்டா இரட்டையரில் இளையவன். அம்மா இரண்டு பேரைப் பெற்றாள், மூளை மட்டும் ஒன்றுதான் வந்தது, அதை அண்ணன் எடுத்துக்கொண்டான் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

ஆனால் அன்று அவனுக்குச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. அவன் குடியிருக்கும் வளவில் அடுத்த அறைக்காரன்தான் டாக்ஸிக்கார அக்கோட்டோ. அவன் மூன்று நாளாகப் போலீஸ் லாக்கப்பில் கிடந்தான்.

சனிக்கிழமை விடியற்காலை, கரண்ட் போன இருட்டில், மழை மூட்டத்தில், இலவமரத்து முக்கில் வாத்தியார் அன்சாவை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. காரை யாரும் பார்க்கவில்லை. முக்கில் கஞ்சி விற்கும் ஃபோரிவா மட்டும் கறகறவென்று ஒரு சத்தத்தைக் கேட்டாள். குமாசி நகரத்தில் அந்தக் கறகறவுக்குச் சொந்தக்காரன் அக்கோட்டோதான் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். அவனுடைய வண்டி காலையில் போடும் சத்தத்துக்கு அட்டாவே தினமும் ஜன்னல் வழியாகத் திட்டியிருக்கிறான். இன்று மதியம் கோர்ட். வாத்தியார் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் திறக்காமலே போய்விட்டால் அக்கோட்டோ கம்பிக்குப் பின்னால்தான் கிழவனாவான். அவன் மனைவி டிவா நேற்று அட்டாவின் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். அவளைச் செர்வாவிடம் கூட்டிக்கொண்டு போனது அவன்தான்.

சேர்மன் நாற்காலி எடுத்துப் போட்டார். டாக்ஸி ஸ்டாண்டுக்குத் தலைவர். சுவாமே பட்டறைத் தெருக்களில் பழைய இன்ஜின் கடையும் அவருக்கு உண்டு. எதையும் வீசி எறிகிற பழக்கம் அவர் பரம்பரைக்கே கிடையாது என்பதற்கு முற்றமே சாட்சி. தேய்ந்த டயரில் செடி வளர்ந்தது, உடைந்த ரேடியேட்டரில் கோழி அடை காத்தது.

"வாத்தியாரோட ஆஸ்பத்திரிச் செலவு நான்தான் பாக்கறேன்," என்றார். "அக்கோட்டோ பிள்ளைங்களுக்கும் சோறு நம்ம வீட்ல இருந்துதான் போகுது. அவன் எனக்கு மகன் மாதிரிம்மா. அந்த டாக்ஸியே நான் வித்ததுதான். ஆனா அடிச்சவன் அடிச்சவன்தானே? பசங்க வேற கொதிச்சுப் போயிருக்காங்க. இன்னிக்குக் கோர்ட் முடிஞ்சதும் டாக்ஸியைக் கொளுத்தறேன்னு நிக்கறாங்க. நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன்."

செர்வாவின் பார்வை முற்றத்து மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த காரின் மேல் போனது. "அது?"

"அக்கோட்டோ வண்டியோட ஜோடி. ரெண்டும் ஒரே கண்டெய்னர்ல வந்துச்சு. ஒண்ணை அவனுக்கு வித்தேன், ஒண்ணு எனக்கு. ஈஸ்டருக்கு எடுத்தது, அப்புறம் தொடவே இல்ல."

"ரெட்டைன்னு சொல்லுங்க," என்றான் அட்டா, சட்டையைத் துடைத்துக்கொண்டே. "பாத்துக்கங்க சேர்மன். எங்க அண்ணன் மாங்கா திருடினா முதுகுல அடி எனக்குத்தான் விழும்."

சேர்மன் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்த மாதிரி அட்டாவுக்குப் பட்டது. ஆனால் அவன் ஜோக்குகளுக்கு எல்லோருமே தாமதமாகத்தான் சிரிப்பார்கள்.

திரும்பிப் போகும்போது மறுபடியும் அதே சந்து. இந்தத் தடவை கறை முதுகில்.

* * *

சேர்மன் வீட்டுச் சந்து போய் முட்டுகிற இடம்தான் இலவமரத்து முக்கு. ஃபோரிவா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? கறகறன்னு கேட்டுது. போலீஸ்லயும் சொன்னேன், சேர்மன்கிட்டயும் சொன்னேன். அவருதான் என்னை ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போனாரு."

"கறகற சரி. அடி விழுந்த சத்தம்?"

"அதுவும் கேட்டுது. அய்யோ, இப்பவும் காதுலயே இருக்கு."

"எது முன்னாடி, எது பின்னாடி?"

ஃபோரிவா கையை அண்டாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கறகறதான் முன்னாடி. கொஞ்ச நேரம் கத்துச்சு. அப்புறம் அடங்கிடுச்சு. எவனோ வண்டியை நிறுத்திட்டான்னு நெனைச்சேன். நான் அடுப்பை ஊதிட்டு இருக்கேன், அப்பத்தான் தடார்னு அடி."

"அடி விழுந்தப்போ கறகற இல்ல?"

"இல்லவே இல்ல. வண்டி பூனை மாதிரி போயிடுச்சு."

"இதைப் போலீஸ்ல சொன்னியா?"

"அவங்க எங்க கேட்டாங்க? கறகறன்னு சொன்னதுமே 'போதும் போதும், அக்கோட்டோ'ன்னு எழுதிட்டாங்க."

செர்வா எழுந்துவிட்டாள். கஞ்சிக் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருந்த அட்டாவைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"அக்கா, இன்னும் ஒரு வாய்!"

"கோர்ட் வண்டி கிளம்பறதுக்குள்ள ஸ்டேஷன்ல இருக்கணும். ஓடு!"

* * *

ஸ்டேஷன் வாசலில் இருபது முப்பது இளவட்டங்கள் நின்றார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் கேன். அக்கோட்டோவைப் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கம்பிக்குப் பின்னால் அவன் முகம் சுண்டிப் போயிருந்தது. வேனுக்குப் பக்கத்தில் டிவா, கைக்குழந்தையோடு, கூட்டத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாட்சிப் பொருளான டாக்ஸி சனிக்கிழமையிலிருந்து மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடியில் 'பொறாமை வேண்டாம், உழை' என்று எழுதியிருந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க சார். அந்த டாக்ஸியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க. அவ்வளவுதான்," என்றாள் செர்வா.

இன்ஸ்பெக்டர் டெட்டே நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

கறகறகறகற! தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டிய சத்தம். கூட்டம் கூச்சல் போட்டது. "அதே சத்தம்! அவனேதான்!" மண்ணெண்ணெய் கேன்காரன் இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

செர்வா விரலை உதட்டில் வைத்தாள். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு இல்லவே இல்லை. இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப அணைச்சிட்டு மறுபடியும் போடுங்க."

அணைத்தார். போட்டார். சத்தமில்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அணைத்துப் போட்டார். அப்போதும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன மேடம் இது?"

"உள்ள ஒரு டைமிங் செயின் இருக்கு சார். இன்ஜின்ல மேல சுத்தறதும் கீழ சுத்தறதும் தாளம் தப்பாம பாத்துக்கறது அதுதான். எண்ணெய் மாத்தாம ஓட்டினா அழுக்கு எண்ணெய் கண்ணி கண்ணியா அரிச்சு, செயின் நீண்டு போகும். தொளதொளத்துப் போனதை இழுத்துப் பிடிக்க உள்ளயே ஒரு கை இருக்கு. அந்தக் கைக்குப் பலம் எண்ணெய்தான். வண்டி ராத்திரி பூரா நின்னா எண்ணெய் கீழ இறங்கிடும். காலையில போட்டதும், எண்ணெய் மேல ஏறி வர்ற வரைக்கும் கைக்குத் தெம்பு இருக்காது. செயின் கத்தும். எண்ணெய் வந்ததும் அடங்கிடும்."

"எங்க அண்ணனும் அப்படித்தான் சார்," என்றான் அட்டா. "கஞ்சி உள்ள இறங்கற வரைக்கும் வீட்டையே ரெண்டாக்குவான்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் இன்ஜினையும் அணைக்கவில்லை.

"அக்கோட்டோ குடியிருக்கறது ஊருக்கு அந்தக் கோடியில," என்றாள் செர்வா. "கத்தற வண்டியில எவனும் ஏறமாட்டான்னு வீட்டு வாசல்ல ஒரே ஒரு தடவைதான் ஸ்டார்ட் பண்ணுவான். சாயங்காலம் வரைக்கும் அணைக்கவே மாட்டான். சோறு திங்கும்போதுகூட வண்டி ஓடிட்டேதான் இருக்கும். ஸ்டாண்டுல யாரை வேணா கேளுங்க. அவன் முக்குக்கு வந்து சேர்றதுக்குள்ள அந்தச் செயின் எப்பவோ வாயை மூடியிருக்கும். முக்குல கத்தினது முக்குலயே ராத்திரி பூரா நின்ன வண்டி சார். கத்தி முடிச்சிட்டுத்தான் கிளம்பி வாத்தியாரை அடிச்சிருக்கு. கஞ்சிக்காரம்மாவைக் கேளுங்க, சொல்லுவாங்க."

"அந்தச் சந்துல கார் நிக்கற வீடு..." இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என் வீடுதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேர்மன் அசாரே வந்தார். கோபமே இல்லை. மனம் புண்பட்ட பெரிய மனிதரின் சிரிப்பு. "சோறு போட்ட கைக்கு இதுதான் பேரு. பரவாயில்ல. வாங்க எல்லாரும். என் வண்டியையும் போட்டுக் கேளுங்க. கத்துச்சுன்னா விலங்கை எனக்கு மாட்டுங்க. கத்தலேன்னா இந்தம்மா இந்த ஊர்ல தொழில் பண்ணக் கூடாது. சரியா?"

"சரி," என்றாள் செர்வா. அட்டா வேண்டாம் வேண்டாம் என்று முழங்கையால் இடித்தும் கேட்காமல்.

* * *

வேனும் கூட்டமுமாகச் சந்து அடைத்துப் போனது. சேர்மன் மனைவி சந்தையிலிருந்து வந்திருந்தாள். பூட்டைத் திறந்து கேட்டை அகலத் தள்ளினாள். சங்கிலி ஒரு பக்கக் கதவில் தொங்கியது. கையில் விலங்கோடு அக்கோட்டோவையும் இறக்கி நிறுத்தினார்கள்.

சேர்மன் தார்ப்பாயை உருவினார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது. ஒரு கறகற இல்லை, ஒரு முனகல் இல்லை.

கூட்டம் சிரித்தது. எவனோ விசிலடித்தான். "துப்பறியும் அக்காவுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக் குடுங்கடா!" டிவாவின் முகத்தில் அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் வெளிச்சமும் போய்விட்டது. அக்கா தோற்று அட்டா பார்த்ததில்லை. அதுவும் இன்றைக்கா தோற்க வேண்டும்?

"முடிஞ்சுதா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர். "கோர்ட்டுக்கு நேரமாச்சு."

"முடியப் போகுது சார்." செர்வா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "சேர்மன், அக்கோட்டோ வண்டியும் இதுவும் ஒரே வயசு. அது செத்துப் பொழைக்குது, இது இப்படி ஓடுதே. செயினை எப்ப மாத்தினீங்க?"

"மாத்தறதா?" சேர்மன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இந்த இன்ஜினை நான் தொறந்ததே கிடையாது. நல்ல எண்ணெய் ஊத்தி, நேரத்துக்கு மாத்தினா செயின் வண்டிக்கு ஆயுசு பூரா வரும். அக்கோட்டோ சோம்பேறி, எண்ணெய் மாத்தமாட்டான். அதான் வித்தியாசம்."

"தொறந்ததே இல்ல?"

"சத்தியமா இல்ல!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் செர்வா. "அட்டா, சட்டையைக் கழட்டு."

"அக்கா, பொம்பளைங்க நிக்கறாங்க..."

"கழட்டுடா!"

அட்டா கழற்றினான். செர்வா அதை இன்ஸ்பெக்டர் முன்னால் விரித்துப் பிடித்தாள். முன்னும் பின்னும் குறுக்கே கறுப்புப் பட்டை. உற்றுப் பார்த்தால் கண்ணி கண்ணியாக அச்சு விழுந்திருந்தது.

"காலையில இந்தக் கேட்டுச் சந்துல நுழைஞ்சப்போ ஒட்டினது. வீட்டுக் கேட்டுல மழையில நனையற சங்கிலி சட்டையில எதை ஒட்டும் சார்?"

"துரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது ஜூன் மாசம். ஆணி அடிச்சா ரெண்டு மழையில செவந்துடற ஊரு. இந்தச் சங்கிலியில துருவே இல்ல. இன்ஜின்ல ஊறின கரி எண்ணெய்தான் இருக்கு. ஏன்னா இது கேட்டுக்கு வந்து மூணு நாள்கூட ஆகல."

அவள் போய்க் கேட்டில் தொங்கிய சங்கிலியை உருவிக்கொண்டு வந்தாள். முனையில்லாத வளையம். அதைப் படுக்கைவாட்டில் இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தாள். புதுச் சங்கிலி என்றால் கம்பு மாதிரி நின்றிருக்கும். இது நடுவில் வில்லாக வளைந்து தொங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் பட்டறை ஆட்கள், யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. விசில் நின்றுபோனது.

"தேஞ்சு நீண்ட டைமிங் செயின்," என்றாள் செர்வா. "இதோ பாருங்க, தாளம் பாத்து மாட்டறதுக்காகக் கம்பெனி நிறம் பூசி வெச்ச கண்ணி. மாட்டைக் கட்டற சங்கிலிக்கு எவன் பெயின்ட் அடிப்பான்?"

"நான் பழைய பாகம் விக்கறவன்!" சேர்மனின் குரல் ஏறியது. "எங்க வீட்ல ஆயிரம் செயின் கிடக்கும்!"

"கிடக்கட்டும். குப்பையில போட்டிருந்தா பழைய இரும்பு பொறுக்கறவன் மதியத்துக்குள்ள சுவாமேக்குக் கொண்டு போயிருப்பான். சேர்மன் வீட்டுக் குப்பையில இருந்து தேஞ்ச செயின் வந்துச்சுன்னு சாயங்காலம் ஊரே பேசும். உங்களுக்கு அது தெரியும். கேட்டுல மாட்டினா எவன் பாக்கப்போறான்? சாமானும் வீணாகல. புத்திசாலிதான் நீங்க. என் ஆளு வயிறு இவ்வளவு பெருசா இருக்கும்னு மட்டும் எதிர்பார்க்கல." அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "இன்ஜின் மூடியைச் சுத்திப் பாருங்க சார். ஒட்டின பசை இன்னும் புதுசா இருக்கும். தொறந்தா உள்ள பளபளன்னு ஒரு செயின் இருக்கும். தொறக்கவே இல்லேன்னு சத்தியம் பண்ணின இன்ஜினுக்குள்ள."

இன்ஸ்பெக்டர் குனிந்தார், விரலால் தடவினார், நிமிர்ந்தார். மூடி ஓரத்தில் புதுப் பசை பளபளத்தது.

சேர்மன் தேய்ந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சனிக்கிழமை விடியக்காலை இழவு வீட்டுக்கு ஸ்டாண்டு பஸ்ஸுலதான் போனேன்னு என்கிட்டயுமா பொய் சொன்னீங்க?"

"நேரமாயிடுச்சுடி," என்றார் அவர் தரையைப் பார்த்து. "ஒரே இருட்டு. பாட்டரி இறங்கிடும்னு லைட்டு போடல. லைட்டு போட்டிருந்தா வாத்தியாரு கண்ணுக்குத் தெரிஞ்சிருப்பாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்குப் போனப்புறம் நானே உக்காந்து செயினை மாத்தினேன்."

மண்ணெண்ணெய் கேன்காரன் கேனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். கான்ஸ்டபிள் அக்கோட்டோவின் விலங்கைக் கழற்றினான். அக்கோட்டோ மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சேர்மன் முன்னால் போய் நின்றான். அடிக்கப் போகிறான் என்றுதான் அட்டா நினைத்தான்.

"செயினை மாத்திக் குடுங்கன்னு டிசம்பர்லயே கேட்டேன் சேர்மன்," என்றான் அக்கோட்டோ. சத்தம் போடவில்லை. "கண்டெய்னர் வரல, வந்ததும் முதல் செயின் உனக்குத்தான், அதுவரைக்கும் ஓடற மட்டும் ஓட்டுன்னீங்க. நீங்க சொன்னா சரின்னு ஓட்டினேன். கண்டெய்னர் வந்துடுச்சா?"

சேர்மன் கண் தன் காரின் இன்ஜின் பக்கம் போய்த் திரும்பியது.

"அப்போ இந்த இன்ஜினுக்குள்ள கிடக்கறது என் செயின்."

டிவா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் அழுதான். அட்டாவுக்கும் கண் கலங்கியது. சட்டை இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

"சார், சட்டை?" என்றான்.

"சாட்சிப் பொருள்," என்று இன்ஸ்பெக்டர் மடித்து எடுத்துக்கொண்டார்.

"அப்போ எங்க அண்ணன்கிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க சார். ஸ்டேஷன் முழுசையும் கூட்டிட்டு வாங்க."

* * *

வியாழக்கிழமை வாத்தியார் கண் திறந்தார் என்று செய்தி வந்தது. முதலில் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்றுதான் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. வளவு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கதவு திறக்கும் சத்தம், டிவாவின் மெல்லிய பேச்சு, சாவி திரும்பும் ஓசை. அப்புறம், கறகறகறகற!

அட்டா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் ஜன்னலைத் திறந்து, திட்டுவதற்கு வாயையும் திறந்துவிட்டான். எதிர் அறை ஜன்னலும் திறந்தது, மாடி ஜன்னலும் திறந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை.

எண்ணெய் மேலே ஏறியது. சங்கிலி அடங்கியது. டாக்ஸி மெதுவாகத் தெருவில் இறங்கி, மழைக்குள் போய் மறைந்தது.

"போயிட்டு வாடா," என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அட்டா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போனான்.